சரித்திர நகைச்சுவைப் படத்தில் கோண வேண்டியது நடிகரா, கமராவா?

டச்சுக்குடாக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இருபது நிமிடக் குறும்படம் ஒன்றை எடுக்க முயன்றுவருகிறோம். கதை 1782ஆம் ஆண்டில் நடக்கிறது. அந்த ஆண்டு பிறக்கும்போது எங்கள் ஊர்க் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் கப்பல்களோடு வந்து அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். ஓராண்டுக்குள் மூன்று எசமானர்கள். அந்த மூவருக்கும் அடுத்தடுத்துக் கணக்கெழுதிக் கொடுக்கும் உள்ளூர்க் கணக்கப்பிள்ளை ஒருவர்தான் எங்கள் கற்பனை நாயகன். பீரங்கிச் சத்தம் கேட்டதும் மேசைக்கு அடியில் புகுந்து, சத்தம் ஓய்ந்ததும் சால்வையை உதறிக்கொண்டு எழுந்து, புதிதாக வந்திருக்கும் துரைக்கு எந்த மொழியில் வணக்கம் சொல்வதென்று தடுமாறுகிற மனிதர். அவரும் மனைவியும் கதைப்பதில் சிரிப்பு இருக்க வேண்டும். மூன்று துரைமாரும் சம்பளப் பாக்கியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவதில் கொஞ்சம் வலியும் இருக்க வேண்டும்.

எங்களுக்குள் பிணக்கு வந்திருப்பது படத்தின் தோற்றத்திலும் நடிப்பிலும். நாயகனாக நடிப்பவர் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யில் வடிவேலு நடித்த பாணியைப் பின்பற்ற விரும்புகிறார். கமரா பிடிப்பவரோ இங்கிலாந்தின் ஆன் அரசியைப் பற்றிய 'தி ஃபேவரிட்' படத்தைப் பார்த்ததிலிருந்து, சுவர்களையெல்லாம் வளைத்துக் காட்டும் அகன்ற வில்லையில்தான் முழுப் படத்தையும் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். சரி, இரண்டையும் சேர்த்தே பார்ப்போம் என்று சென்ற வாரம் ஒரு காட்சியைச் சோதனைக்காக எடுத்தோம். வீட்டில் போட்டுக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிவரை பொறுமையாகப் பார்த்த என் அம்மா, "ஏன் எல்லாரும் காய்ச்சல்காரர் மாதிரி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே பிழைத்தோம் என்பதை விளக்க முடியுமா? மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுப்பது, உடுப்பு, கோட்டைக்குள் திரியும் மான்களைக் காட்டலாமா என்பது போன்றவற்றிலும் உங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிழற்பெட்டி:

உங்கள் அம்மா சொன்னதைவிடச் சரியான விமர்சனம் இந்தத் திரியில் வரப்போவதில்லை. நான் உப்புவெளியில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். அகன்ற வில்லையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு எவ்வளவு பெரிதாகும் என்பதை மணப்பெண்களின் ஏச்சுக் கேட்டுப் படித்தவன்.

'தி ஃபேவரிட்' 2018இல் வெளிவந்தது. கிரேக்க இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ் இயக்க, ரொபி ரையன் 35 மி.மீ. படச்சுருளில் ஒளிப்பதிவு செய்தார். சில காட்சிகளுக்கு 6 மி.மீ. மீன்கண் வில்லையைக்கூடப் பூட்டினார்கள். ஆனால் அந்த வில்லை எந்த இடத்தில் வருகிறது என்பதை உங்கள் கமராக்காரர் மறுபடியும் பார்க்க வேண்டும். நீண்ட நடைகூடம், அரசியின் படுக்கையறை, கம்பளச் சித்திரங்கள் தொங்கும் பெரிய மண்டபம் போன்ற இடங்களை ஒரே சட்டத்துக்குள் முழுமையாக அடக்கும்போதுதான் அது பெரும்பாலும் வருகிறது. நேர்ச்சுவர்கள் பீப்பாய் வயிறுபோலப் புடைக்கின்றன. கூரையும் தரையும் சேர்ந்தே தெரிகின்றன. நடுவில் ஆன் அரசி கைப்பிடியளவு உருவமாக நிற்கிறார். 1702 முதல் 1714 வரை ஒரு நாட்டையே ஆண்ட பெண் தன் சொந்த அறையில் தொலைந்துபோனவர் போலத் தெரிவதுதான் அங்கே பகிடி. அந்தப் பகிடியைச் சொல்வது வில்லை. நடிகை அதற்கு உதவியாக ஒரு புருவத்தைக்கூடத் தூக்குவதில்லை.

முகம் பேச வேண்டிய இடத்தில் அதே படம் என்ன செய்கிறது என்பதற்கு நடனக் காட்சியைப் பாருங்கள். அரசியின் நெருங்கிய தோழி சேரா சீமாட்டியாக வரும் ரேச்சல் வைஸ் ஓர் இளைஞனோடு ஆடுகிறார். அந்த ஆட்டம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆட்டமே அல்ல. கையைக் காலை வெட்டி இழுத்து, ஒருவரையொருவர் சுழற்றித் தூக்கி ஆடுகிற ஒரு கூத்து. நாங்கள் சிரிக்கத் தொடங்குகிறோம். அப்போது கமரா ஆட்டத்தை விட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், அரசியாக வரும் ஒலிவியா கோல்மனின் முகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. முதலில் அவர் முகத்தில் சிரிப்புத்தான் இருக்கிறது. பிறகு உதடு அப்படியே இருக்க, கண் மட்டும் அந்தச் சிரிப்பை விட்டு விலகுகிறது. தன்னால் இனி அப்படி ஆட முடியாது என்ற எண்ணம் வந்து சேரும் கணத்தில் வாயோரம் மெல்லச் சரிகிறது. அதற்குப் பின்னால்தான் கோபம் வருகிறது. இத்தனையும் வசனமே இல்லாமல் நடக்கிறது. அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை. பத்துப் பரிந்துரைகள் பெற்ற படத்துக்குக் கடைசியில் கிடைத்த ஒரே ஒஸ்காரும் அதுதான்.

ஆகவே கமரா கோணும்போது நடிகர் நேராக நிற்க வேண்டும். நடிகர் கோணும்போது கமரா வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் சோதனைக் காட்சியில் இரண்டும் ஒரே நேரத்தில் கோணியதால் எதை நம்புவது என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. கைத்தொலைபேசியின் 0.5 வில்லையில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: தொலைபேசியே வளைவைத் தானாக நிமிர்த்திவிடுவதால் சுவர் நேராகிவிடும், அதற்குப் பதிலாகச் சட்டத்தின் ஓரத்தில் நிற்பவரின் தலைதான் பக்கவாட்டில் இழுபடும். காய்ச்சல்காரர் தோற்றம் அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆட்களை நடுவில் நிறுத்துங்கள், கமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், ஓரங்களைச் சுவருக்கும் கதவுக்கும் விட்டுவிடுங்கள்.

மெழுகுதிரி வெளிச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். 1975இல் வந்த 'பரி லிண்டன்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்கென்று செய்யப்பட்ட எஃப் 0.7 துவார அளவுள்ள, சைஸ் (Zeiss) நிறுவனத்தின் வில்லையைத் தேடிப் பிடித்தார். ஏனென்றால் அக்காலப் படச்சுருளின் ஒளி உணர்திறன் (ISO) 100 தான். கழுவும்போது கூடுதல் நேரம் வைத்து அதை 200 ஆக்கினார்கள். இன்று எஃப் 1.8 வில்லை பூட்டிய சாதாரணக் கமராவில் உணர்திறனை 3200க்கு வைத்தாலே குப்ரிக்குக்குக் கிடைத்ததைவிட ஒரு படி கூடுதலான வெளிச்சம் உங்களுக்குக் கிடைத்துவிடும். நிறச் சமநிலையை மட்டும் தானியங்கியில் விட்டுவிடாதீர்கள். விட்டால் கமரா அந்த மஞ்சளை நோய் என்று நினைத்து வெள்ளையாக்கிவிடும். கையால் 3200 கெல்வினில் பூட்டிவிட்டால் சுடர் பொன்னிறமாகவே இருக்கும். ஜன்னல்களை அடைத்துவிட்டு எடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் ஊரில் சுடர் ஒரு நிமிடம் நேராக நிற்காது.

எதிர்க்கரை:

நிழற்பெட்டி அண்ணா எழுதியதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வேன். கமரா வாயை மூடிக்கொண்டு நிற்பதால் மட்டும் வடிவேலுவின் நடிப்பு எடுபடவில்லை. 2006இல் சிம்புதேவன் அந்தப் படத்தை எடுத்தபோது அவரைச் சுற்றி நின்றவர்கள் யார் என்று பாருங்கள். மாமனாக வரும் நாசர் உண்மையான சரித்திரப் படமொன்றில் சூழ்ச்சி செய்வதுபோலவே நடிக்கிறார், தாயாக வரும் மனோரமா உண்மையாகவே அழுகிறார், பி. கிருஷ்ணமூர்த்தி அமைத்த அரண்மனையில் விளையாட்டுத்தனம் கிடையாது. சபை முழுவதும் தன்னைச் சரித்திரம் என்று நம்புகிறது. அரியணையில் இருப்பவர் ஒருவர் மட்டுமே அதற்குப் பொருந்தாமல் இருக்கிறார். வேறொருவரின் கட்டுடலோடு தன் முகத்தைச் சேர்த்து வரையச் சொல்லும் ஓவியக் காட்சியில் ஓவியரும் சிரித்திருந்தால் அந்தக் காட்சி அன்றைக்கே செத்திருக்கும்.

இன்னொன்று மொழி. அவர் பேசுவது பழைய சரித்திரப் படங்களின் செந்தமிழ்; ஆனால் வாக்கியத்தின் வால் மட்டும் மதுரைப் பக்கம் திரும்பிவிடும். உங்கள் நாயகன் வடிவேலுவின் முகச்சேட்டையைப் பிடித்துக்கொண்டு இந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்காகத் திருகோணமலைக் கணக்கப்பிள்ளை மதுரைத் தமிழ் பேச வேண்டியதில்லை. துரைக்கு முன்னால் விண்ணப்பத் தமிழும் வீட்டுக்குள் வந்தவுடன் எங்கள் பேச்சுத் தமிழும் வந்தால், வாசற்படியைத் தாண்டும் அந்த ஓர் அடியிலேயே சிரிப்பு வந்துவிடும்.

பழைய ஒத்திகை:

தம்பி, நான் தம்பலகாமத்தில் இருந்து எழுதுகிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இளமையில் கூத்தும் பள்ளிக்கூட நாடகமும் ஆடியவன். படம் எடுக்கத் தெரியாது. ஆனால் உங்கள் கதையில் கைவைக்க வேண்டிய சில இடங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலில் பெயர். உங்கள் கணக்கப்பிள்ளை தவறியும் "பிரெட்றிக் கோட்டை" என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பெயரை ஆங்கிலேயர் இட்டது 1803இல். 1782இல் இருந்தவருக்கு அது வெறும் கோட்டைதான்.

இரண்டாவது கொடி. இதை நீங்கள் கவனித்தீர்களோ தெரியவில்லை. உங்கள் படத்தின் மிகப் பெரிய பகிடி சரித்திரத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. ஒல்லாந்தக் கும்பனியின் கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் இருந்தன. ஆங்கிலேயரின் கொடி இன்று நாங்கள் காணும் கொடி அல்ல. அயர்லாந்தைக் குறிக்கும் சிவப்புக் குறுக்குக்கோடு 1801இல்தான் அதில் சேர்ந்தது. ஆகவே இணையத்தில் இருந்து இன்றைய கொடியை எடுத்து அச்சிட்டுவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரரின் மூவண்ணக் கொடி அவர்களுடைய புரட்சிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் அவர்களுடைய கடற்படை பறக்கவிட்டது வெறும் வெள்ளைக் கொடி. வென்றவன் கோட்டை உச்சியில் வெள்ளைக் கொடியை ஏற்றுகிறான்; கீழே நிற்கும் கணக்கப்பிள்ளையோ அதைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆங்கிலேயத் துரையை வாழ்த்த ஓடுகிறார். இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தக் காட்சியில் அவர் முகம் கோணவே கூடாது. உண்மையான மகிழ்ச்சியோடு ஓட வேண்டும்.

மூன்றாவது கை. சோதனைக் காட்சியில் நாயகன் இறகுப் பேனாவால் எழுதினாரா? உள்ளூர்க் கணக்கை ஓலையில் எழுத வையுங்கள். அதில் நடிப்புக்கு நிறைய இடம் இருக்கிறது. காகிதத்தில் எழுதும்போது பேனா நகரும். ஓலையில் எழுதும்போது எழுத்தாணி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, இடக்கை ஓலையைத்தான் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். இடக்கைப் பெருவிரல் எழுத்தாணிக்கு முட்டுக்கொடுக்கும். வழக்கமாக எழுதுகிறவர்கள் அந்த நகத்தில் சிறிய வெட்டே வைத்திருப்பார்கள். என் பாட்டனாரின் விரலில் அதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்தாலும் எழுத்துத் தெரியாது, கீறல்தான் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் கறுப்பு எழுத்து மேலே வரும். மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் கரியைத் தடவும் கையைக் கிட்டத்தில் காட்டுங்கள். புதிய துரை அருகில் நின்று பார்க்கும்போது ஓலை வெறுமையாகத் தெரிய, அவர் ஏமாற்றிவிட்டாரென்று கோபப்பட, கணக்கப்பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் கரியைத் தடவி அவருடைய சொந்தப் பாக்கித் தொகையை எழும்ப வைக்கலாம்.

ஒத்திகையைப் பற்றியும் ஒரு சொல். அந்த 'தி ஃபேவரிட்' படத்துக்கு இயக்குநர் படப்பிடிப்புக்கு முன் மூன்று வாரம் ஒத்திகை வைத்தாராம்; அதில் நடிகைகளின் கைகளையும் உடல்களையும் ஒன்றோடொன்று முடிச்சுப்போல் பின்னி நிற்க வைத்தும், பின்னோக்கி நடக்க வைத்தும் வசனத்தைச் சொல்லச் சொன்னாராம். பேரன் சொன்னபோது எனக்கு எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார்தான் நினைவுக்கு வந்தார். வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கட்டும் கரப்புடுப்பு எவ்வளவு விரிந்து நிற்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். உடுப்பைக் கட்டாமல் ஆடிப் பழகியவன் உடுப்பைக் கட்டிய அன்று வாசலில் முட்டி நிற்பான். அதனால் அவர் இடுப்பில் சாக்கைச் சுற்றிவிட்டுத்தான் பாட்டைப் படிக்க வைப்பார். வசனம் மனதில் பதிவதற்கு முன் உடம்பில் பதிய வேண்டும் என்பது அவருடைய கட்சி. உங்கள் நாயகனை மேசைக்கு அடியில் குந்த வைத்து முழு வசனத்தையும் பத்துத் தடவை சொல்ல வையுங்கள். பதினோராவது தடவை எழுந்து நின்று சொல்லும்போது அவருடைய முகம் தானாகவே அடங்கியிருக்கும்.

ஊசிநூல்:

உடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தையல் வேலை செய்பவள். நாடகங்களுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒருமுறை ஒரு மேடை நாடகத்துக்கு ஒல்லாந்தச் சிப்பாய்களின் கோட்டுகள் ஆறை மலிவான மினுக்கச் சாட்டின் துணியில் தைத்தேன். கையில் வைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மேடை வெளிச்சம் பட்டவுடன் ஆறு பேரும் கலியாண வாத்தியக்குழுவாக மாறிவிட்டார்கள். அன்றிலிருந்து மினுக்கத் துணியைச் சரித்திர நாடகத்துக்குத் தொடுவதில்லை.

'தி ஃபேவரிட்' படத்துக்கு உடுப்பு வடிவமைத்தவர் சாண்டி பவல். அரசவையில் இருப்போருக்குப் பெரும்பாலும் கறுப்பையும் வெள்ளையையும் மட்டுமே அவர் கொடுத்தார். வெட்டு அந்தக் காலத்து வெட்டு, துணியோ இந்தக் காலத்துத் துணி. சமையற்கட்டுப் பணிப்பெண்களின் சட்டைகள் பழைய டெனிம் காற்சட்டைகளைப் பிரித்துத் தைத்தவை. டெனிம் வெளுத்து, மடிப்பில் தேய்ந்து, உழைத்த துணியாகத் தெரியும் என்பதால் அந்தத் தேர்வு. படத்தைப் பார்க்கும்போது அது டெனிம் என்று யாருக்கும் தோன்றாது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஆண்கள்தான் பூச்சும் பெரிய பொய்முடியுமாக அலங்காரப் பொம்மைகள்போல் வருகிறார்கள், பெண்களின் முகங்கள் பெரும்பாலும் ஒப்பனையற்று இருக்கின்றன. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாரைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதை உடுப்பே சொல்லிவிடுகிறது.

அதனால் உங்கள் துரைமாருக்குப் பொய்முடியைக் கொஞ்சம் அளவு கூட்டியே வையுங்கள். எங்கள் ஊர் வெயிலில் அதை அணிந்து வியர்ப்பதே நடிப்புத்தான். கணக்கப்பிள்ளைக்கும் மனைவிக்கும் அலங்காரம் வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைத் தேயிலைச் சாயத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, அலசாமல் நிழலில் காயவிட்டால் வேண்டிய மங்கல் கிடைக்கும். அவருடைய சால்வை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்சிக்கும் அதை வேறு விதமாகப் போட்டுக்கொள்ளட்டும்: ஒல்லாந்தருக்குத் தோளில், ஆங்கிலேயருக்குக் கழுத்தில், பிரெஞ்சுக்காரருக்கு இடுப்பில்.

மான்களைப் பற்றி: அந்தப் படத்தில் அரசியின் அறையில் பதினேழு முயல்கள் திரிகின்றன. உண்மையான ஆன் அரசி பதினேழு தடவை கருவுற்றும் ஒரு பிள்ளையும் நிலைக்கவில்லை. முயல்கள் படத்துக்காகச் சேர்த்த கற்பனை. முதலில் அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறோம், காரணம் தெரிந்தபின் சிரிக்க முடியவில்லை. உங்கள் மானுக்கு அப்படி ஒரு வேலை இருந்தால் வரட்டும். சும்மா வந்துபோனால் அது சுற்றுலா விளம்பரம்.

டச்சுக்குடாக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஐயாவின் மறுமொழியை நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்திருந்து இரண்டு தடவை வாசித்தோம். கமராக்காரரும் நாயகனும் மூன்று வாரத்துக்குப் பின் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைத்தார்கள்.

நேற்றிரவு மறுபடியும் சோதித்தோம். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அனுமதி கிடைக்கும்வரை உள்ளே எடுக்க முடியாது. அதனால் தடித்த சுண்ணாம்புச் சுவருள்ள பழைய வீடொன்றின் அறையில், ஒன்பது மெழுகுதிரிகளை வைத்து ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து எடுத்தோம். பத்து நிமிடத்தில் எல்லோரும் வியர்வையில் குளித்துவிட்டோம். அந்த வியர்வை சுடர் வெளிச்சத்தில் மிக அழகாகத் தெரிகிறது. அறையைக் காட்டும் ஒரு சட்டத்துக்கு மட்டும் அகன்ற வில்லை. மற்றதெல்லாம் சாதாரண வில்லை. கரியைத் தடவும் காட்சிக்கு ஓலை கிடைக்காததால் பனையோலை விசிறி ஒன்றைப் பிரித்து எடுத்தோம். எழுத்தாணிக்குப் பதிலாகப் பிடித்த கோணி ஊசி ஓலையை இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது; எழுத்து மேலே வந்த கணத்தில் மட்டும் அறையில் இருந்த எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. கொடிக்கு எட்டு முழம் வெள்ளைத் துணி வாங்கிவிட்டேன். கடைக்காரர் துணியைக் கிழித்தபடி, வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியையும் கதைக்குள் கொண்டுவர முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். தம்பலகாமத்து ஐயா, உங்கள் பாட்டனாருடைய எழுத்தாணி இன்னும் வீட்டில் இருந்தால், ஒரு நாளைக்கு இரவல் தர முடியுமா?